நாள்பட்ட முதுகுவலிக்குத் தலைகீழ் சாய்வு மேசை: வீட்டில் பயன்படுத்தும் முன் அறிய வேண்டியவை

கணுக்கால்களைப் பிணைத்துக்கொண்டு படுத்த நிலையிலேயே, தலை கீழாகவும் கால் மேலாகவும் சாய்வதற்கு உதவும் கருவி தலைகீழ் சாய்வு மேசை ஆகும். கடைகளிலும் இணையவழி விற்பனையிலும் இது 'இன்வர்ஷன் டேபிள்' என்ற பெயரில் கிடைக்கிறது. இதனை வாங்க மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு தேவையில்லை. ஆகவே, இரத்த அழுத்தத்தை ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொள்ளாத ஒருவரும் இதில் தலைகீழாகச் சாயக்கூடும். இக்கருவியைப் பற்றிய முதன்மையான கவலை இதுவே.

கருவி செயல்படும் முறை

இடுப்புப் பகுதியின் ஐந்து முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. நிற்கும்போதும் அமரும்போதும் உடலின் மேற்பகுதி எடை அவற்றை அழுத்துகிறது. படுத்தால் அழுத்தம் குறைகிறது. தலைகீழாகச் சாயும்போது அதே எடை எதிர்த்திசையில் இழுவையாக மாறுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் இடுப்புக்கு மேற்பட்ட உடற்பகுதி ஏறத்தாழ 35 கிலோ எனக் கொள்வோம். கிடைமட்டத்திலிருந்து 30 பாகை தலை தாழ்ந்தால் அதில் பாதியளவும், 60 பாகையில் சுமார் 30 கிலோ அளவும் முதுகெலும்பை நீட்டும் திசையில் செயல்படும். மேசையில் உடல் உராய்வதால் உண்மையான இழுவை இதனினும் குறைவாகவே இருக்கும். 30 பாகையிலேயே பாதியளவு இழுவை கிடைத்துவிடுவதால், செங்குத்தாகத் தொங்கினால்தான் பயன் உண்டு என்று எண்ண வேண்டியதில்லை.

சாய்ந்திருக்கும் சில நிமிடங்களில் தசை இறுக்கம் தளர்ந்து சிலருக்கு இதமாக இருக்கும். எனினும் எழுந்து நின்றவுடன் உடல் எடை மீண்டும் வட்டுகளின் மீது இறங்குகிறது. பிதுங்கிய வட்டு தானாகவே உள்ளே சென்று பொருந்திவிடும் என்று விற்பனையாளர் கூறினால் அதனை நம்ப வேண்டாம்.

ஆய்வுகள் கூறுவது

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், வட்டுப் பிதுக்கத்திற்காக அறுவை சிகிச்சையை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2012-இல் வெளியானது. தலைகீழ் சாய்வு சிகிச்சை பெற்றவர்களுள் அதிகமானோர் அறுவை சிகிச்சையைத் தவிர்க்க முடிந்தது. இது நம்பிக்கையளிக்கும் முடிவே. ஆனால் அதில் பங்கேற்றோர் 30 பேருக்கும் குறைவு. சிகிச்சையும் மருத்துவக் கண்காணிப்பில் அளிக்கப்பட்டது. வீட்டில் தனியே பயன்படுத்துவதற்கு இதனைச் சான்றாகக் கொள்ள இயலாது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதல், இழுவைச் சிகிச்சையை வழக்கமான பயன்பாட்டிற்குப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய முறையான விளக்கத்தையும் அது பரிந்துரைக்கிறது.

கண்ணும் இரத்த அழுத்தமும்

தலை தாழும்போது இரத்தம் தலையை நோக்கித் தேங்குகிறது. இரத்த அழுத்தமும் கண்ணின் உள் அழுத்தமும் உயர்கின்றன. சிரசாசனம் செய்வோரிடம் சென்னை சங்கர நேத்ராலயாவில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், அந்நிலையில் கண் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவது கண்டறியப்பட்டது. சிரசாசனம் வேறு, சாய்வு மேசை வேறு என்றாலும் தலை தாழ்வதன் விளைவு ஒன்றே. நலமான கண் இதனைச் சிறிது நேரம் தாங்கிக்கொள்ளும். கண் நீர் அழுத்த நோய் உள்ள கண்ணில் இது பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும். அந்நோயும் உயர் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருக்கக்கூடியவை. 'எனக்கு ஒன்றுமில்லை' என்ற எண்ணம் பரிசோதனைக்கு ஈடாகாது.

எனவே உயர் இரத்த அழுத்தம், இதய நோய், முன்னர் ஏற்பட்ட பக்கவாதம், கண் நீர் அழுத்த நோய், விழித்திரை விலகல் ஆகியவை உள்ளவர்கள் இக்கருவியைத் தவிர்த்தல் வேண்டும். கர்ப்பிணிகள், குடலிறக்கம் அல்லது கடுமையான உணவு எதுக்களிப்பு உடையோர், எலும்புப்புரை நோயினர், முதுகெலும்பில் முறிவு அல்லது உலோகப் பொருத்துகள் உள்ளவர்கள், இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோர் ஆகியோருக்கும் இது பொருந்தாது. இரத்த அழுத்தம் மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருப்பினும் மருத்துவரைக் கேளாமல் முயல வேண்டாம். முதியோருக்கு இதனைப் பரிசளிக்க விரும்பும் பிள்ளைகள், அத்தொகையில் சிறு பகுதியை முதலில் அவர்களின் கண் பரிசோதனைக்குச் செலவிடுவது நன்று.

மருத்துவர் அனுமதித்தால்

மேசையை உங்கள் உயரத்திற்கு ஏற்பப் பொருத்தி, திருகாணிகளையும் கணுக்கால் பிடிப்பையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கவும். சாய்வைக் கட்டுப்படுத்தும் பட்டையை அகற்றக் கூடாது. முதல் சில நாள்கள் 15 முதல் 20 பாகை வரை, ஓரிரு நிமிடங்கள் போதும். பழகிய பின்னரும் 30 பாகைக்கும் ஐந்து நிமிடத்திற்கும் மேற்செல்லத் தேவையில்லை. உணவு உண்டவுடன் கூடாது. திரும்பும்போது கிடைமட்ட நிலையில் ஒரு நிமிடமேனும் தங்கி, பிறகு மெல்ல எழுந்திருக்கவும். விரைந்து எழுந்தால் தலைசுற்றி விழ நேரிடும். அருகில் வேறொருவர் இருத்தல் கட்டாயம், ஏனெனில் கணுக்கால் பிணைக்கப்பட்ட நிலையில் மயக்கம் வந்தால் தாமாக நிமிர இயலாது. தலைவலி, பார்வை மங்கல், கண்ணில் அழுத்தம், காலில் பரவும் வலி மிகுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகவும்.

முதுகுவலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், கருவி வாங்கும் முன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளவும். வயது, தொழில், வலியின் தன்மை ஆகியவற்றுக்கேற்ற பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவார். இப்பயிற்சியின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பலர் கைவிட்டுவிடுகின்றனர். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தேவையுள்ளோருக்கு இல்லம் தேடி இயன்முறை சிகிச்சை வழங்கப்படுகிறது. ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

முதுகுவலியுடன் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமற்ற எடைக் குறைவு இருந்தால் முதுகெலும்புக் காசநோய் போன்றவற்றிற்கான பரிசோதனை தேவை. அதுவரை எவ்வித இழுவையும் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல், சிறுநீர் பிரியாமை, தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல், காலில் வலுவிழப்பு ஆகியவை நரம்புகள் அழுத்தப்படுவதன் அடையாளங்கள். இந்நிலையில் ஒரு நாளும் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவும்.