அத்தையின் தோல் பையும் திண்ணை ஆணியும்



போன வாரம் ஒரு பழைய கைப்பையின் படத்தைப் போட்டிருந்தேன். "எந்தக் கடை டீச்சர்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கடையில் வாங்கியதில்லை. 1964 இல் என் அத்தை திருச்சியில் வாங்கிய பை. மூன்று வாரம் வீட்டிலேயே உட்கார்ந்து சரிசெய்தேன். எப்படி என்று சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்; எழுதப் போனால் வரலாற்றுப் பாடமாக வளர்ந்துவிட்டது. என் வகுப்பில் இருந்தவர்களுக்கு இது பழகியதுதான். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். எங்கள் குடும்பத்தில் முதலில் வேலைக்குப் போன பெண் அத்தைதான். தொடக்கப் பள்ளி ஆசிரியை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு தோல் பை வாங்கி வந்தார். அப்பத்தா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இது என்ன தோலு?" என்பதுதான். மாட்டுத்தோல் என்று தெரிந்ததும், "அது வாசப்படி தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்று திண்ணைச் சுவரில் ஓர் ஆணி அடித்தார்கள். அத்தை பள்ளிவிட்டு வந்ததும் பையை அந்த ஆணியில் மாட்டிவிட்டு, கால் கை கழுவித்தான் உள்ளே வருவார். அப்பத்தா 1983 இல் காலமாகும்வரை, 19 வருடம், பை இருந்த இடம் அந்த ஆணிதான்.

அத்தை போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. இந்த ஐப்பசி மழையில் பரண் ஒழுகியபோதுதான் பெட்டியைத் திறந்தேன். பை முழுக்கப் பூஞ்சணம். ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. கைப்பிடித் தையல் விட்டிருந்தது.

துடைத்த பிறகு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, பையின் பின்பக்கம் நல்ல தேன் நிறத்தில், தொட்டால் மெதுவாக இருக்கிறது. முன்பக்கமோ செங்கல் நிறத்துக்குச் சிவந்து, விரலால் தடவினால் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. ஒரே தோல், ஒரே வயது. இரண்டு, தோள்வாரின் உட்புறத்தில் ஒரு கறுப்புத் தழும்பு. தேய்த்தாலும் போகவில்லை.

காரணம் தெரிய வேண்டுமானால் தோல் எப்படிப் பதப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகிவிடும். அழுகாமல் காக்க நம் பக்கத்தில் பயன்பட்டது ஆவாரம்பட்டை. நம் செம்மண் பொட்டலில் மஞ்சள் பூவோடு நிற்கும் அதே ஆவாரைதான். தோலை உப்பிட்டு, சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரையும் சதையையும் வழித்து எடுத்து, பட்டைச் சாற்றுத் தொட்டிகளில் வாரக்கணக்கில் போடுவார்கள். பட்டையில் உள்ள துவர்ப்பு, டானின் என்று அறிவியலில் படித்தீர்களே, அதுதான் தோலின் இழைகளைப் பிடித்துக் கட்டும். முடிவில் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முறை ஊறவைத்து, எண்ணெய் ஏற்றுவார்கள்.

திண்டுக்கல், திருச்சி, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர் ஊராக இந்த வேலை நடந்தது. வணிகர்களில் பலர் முஸ்லிம்கள். குழிக்குள் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். சரக்கு சென்னை பெரியமேட்டுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் லண்டன் போனது. அங்கே மாட்டுத்தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனது இந்தச் சரக்குதான். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் மனிதர்கள் பட்ட பாட்டை அறிய விரும்புகிறவர்கள் டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படியுங்கள். 2012 இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது.

இந்தத் தோலுக்கு ஒரு குறை உண்டு. லண்டன் நூலகங்களில் புத்தக பைண்டிங் தோல்கள் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்து, அதை ஆராய அங்கே ஒரு குழு போட்டார்கள். 1901 இல் அதன் அறிக்கை வந்தது. எந்தப் பட்டையில் பதப்படுத்திய தோல் சீக்கிரம் கெடுகிறது என்று சோதித்ததில், மிக மோசமானவற்றில் ஒன்றாக அவர்கள் சொன்னது நம் ஆவாரையைத்தான். அதன் துவர்ப்பு வெளிச்சம் பட்டால் சிவக்கும். காற்றிலுள்ள புகையும் அமிலமும் சேர்ந்தால் தோல் பொடியாகும். கடுக்காயின் துவர்ப்பு வேறு வகை. அது அந்தச் சிவப்பைத் தடுக்கும். கடைசியில் ஏன் கடுக்காய் போட்டார்கள் என்று இப்போது புரிகிறதா? எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் நம் தொழிலாளிகள் கண்டுபிடித்த மருந்து அது. ஆனாலும் பல வருட வெயிலை அந்த மருந்தும் தாங்காது.

எங்கள் திண்ணை மேற்குப் பார்த்தது. பையின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. முன்பக்கம் 19 வருடம் சாயங்கால வெயிலைப் பார்த்தது. சிவப்பு அப்படி வந்தது.

கறுப்புத் தழும்பும் இதே கதைதான். துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இந்த முறையில்தான். துருப்பிடித்த ஆணி, மழைச் சாரல், தோல் வார். மை தானாகவே ஊறிவிட்டது.

வீட்டுக்குள் அனுமதிக்கப்படாத பொருள் என்பதற்கு இந்தப் பையில் இரண்டு சாட்சி இருக்கிறது. அதைப் பார்த்தபடி அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வயலுக்கு அன்று கமலைத் தண்ணீர். சாலின் அடியில் கட்டிய வால் மாட்டுத்தோல். அதன் வழியாகக் கொட்டிய தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் அப்பத்தா சாமிக்குப் பொங்கலிட்டார். கோயில் தவிலிலும் தோல்தான். அதெல்லாம் தீட்டில்லை, அத்தையின் பை மட்டும் தீட்டு. கமலை வால் தைத்துக் கொடுத்தவருக்குக் களத்து மேட்டிலேயே நெல் அளந்து அனுப்பிவிடுவார்கள். அவரும் வாசப்படி தாண்டியதில்லை.

இந்தக் கமலைக்கும் தோல் வரலாற்றுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903 இல் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதப்படுத்தும் முறையைச் சென்னையில் சோதித்தார். தண்ணீரில் நீண்ட நாள் உழைக்கும் கமலைத் தோல் செய்வதும் அவர் நோக்கங்களில் ஒன்று. பட்டை வாரக்கணக்கில் செய்வதைக் குரோம் ஓரிரு நாளில் செய்யும். சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் தினமும் கடக்கும் குரோம்பேட்டையின் பெயர், அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. 1948 இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. வேகத்துக்கு விலையும் இருந்தது. பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டு, வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் போய், 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்ததைப் பலர் படித்திருப்பீர்கள்.

இன்று கடையில் கிடைக்கும் தோல் பைகளில் பெரும்பாலானவை குரோம் தோல். அதனால்தான் யாரோ சொன்ன வைத்தியத்தை எல்லாப் பைக்கும் செய்யக் கூடாது. நான் செய்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் பூஞ்சணம். வீட்டுக்குள் தட்டாதீர்கள், மற்ற பொருளுக்கும் பரவும். வெளியே நிழலில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு மெதுவான பிரஷ்ஷால் தட்டினேன். பிறகு ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் தொட்டுப் பிழிந்து துடைத்தேன். எதையும் முதலில் பையின் அடியில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள்.

2. நான் செய்த தப்பு: ஆர்வத்தில் அடிப்பாகத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். தோல் உடனே குடித்து, திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது. அது திரும்ப வராது. போகப்போகச் சிக்கு வாடையும் வரும். எண்ணெய்க் கிண்ணத்தைத் தூர வையுங்கள். நல்ல நிலையில் உள்ள தோலுக்குத் தேன்மெழுகு கலந்த தோல் பூச்சு, பட்டாணி அளவு போதும்.

3. ஒடுங்கிய வடிவம். ஈரத்துணியைப் பிழிந்து, உள்பக்கம் லேசாக ஈரம் காட்டி, பழைய வெள்ளை வேட்டித் துணியை உருட்டி உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தேன். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். ஒரே நாளில் இழுத்து நிமிர்த்தினால் கிழியும். தினமும் கொஞ்சம் கூடுதலாக அடைத்து, மின்விசிறிக் காற்றில் எட்டு நாள் வைத்தேன். இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் எதுவும் கூடாது.

4. சிவந்து பொடியாகும் பக்கம். இதற்குத் தண்ணீரும் கூடாது, எண்ணெயும் கூடாது. தண்ணீர் பட்டால் கறுத்து விறைத்துவிடும். கெட்டது கெட்டதுதான், மேலும் உதிராமல் நிறுத்தலாம், அவ்வளவே. பழைய புத்தகம் காப்பவர்கள் ஹைட்ராக்சிபுரோபில் செல்லுலோஸ் என்ற பொடியை ஆல்கஹாலில் கரைத்துப் பூசுவார்கள். வேதியியல் படித்த நம் மாணவி ஒருத்தி கொஞ்சம் அனுப்பிவைத்தாள். மெல்லிசாக இரண்டு முறை பூசினேன். பொடி நின்றது. சிவப்பு அப்படியே இருக்கிறது.

5. கைப்பிடித் தையல். பழைய ஓட்டைகளிலேயே தைக்க வேண்டும். புது ஓட்டை போட்டால் அந்த வரியோடு கிழியும். மெழுகு தடவிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் மாற்றி மாற்றி வாங்கினேன். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மிஷின் தையலில் அது கிடையாது.

6. பித்தளைக் கொக்கிக்குப் புளி போடாதீர்கள். தோலில் பட்டால் கறை. கீழே அட்டை வைத்து, உலர்ந்த துணியால் தேய்த்தாலே போதும்.

ஐந்தாவது வேலையை நான் யாரிடம் கற்றேன் என்று சொல்ல வேண்டும். சிறுமியாக இருந்தபோது, இந்தப் பையின் கைப்பிடி முதல் முறை அறுந்தது. புதுக்கோட்டை பேருந்து நிலையத்தருகே மரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் அத்தை என்னைக் கூட்டிப்போனார். அவர் தோலை முகர்ந்து பார்த்து, நகத்தால் லேசாகக் கீறி, "ஆவாரம்பட்டைத் தோலு டீச்சரம்மா. வெயில்ல மாட்டாதீங்க, செவந்து போயிரும்" என்றார். இரண்டு ஊசித் தையலை அவர் கையில்தான் பார்த்தேன். லண்டன் குழு ஆராய்ந்து எழுதியதை அவர் முகர்ந்து சொன்னார். அத்தை வீட்டில் வந்து அதைச் சொன்னார். அப்பத்தா கேட்கவில்லை.

பல வருடம் கழித்து அந்தப் பெரியவரின் பேரன் என் பத்தாம் வகுப்பில் படித்தான். நன்றாகப் படிப்பவன், எதைக் கேட்டாலும் முதலில் கை தூக்குவான். உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாளில், சாதிச் சான்றிதழ் தராதவர்களை எழுந்து நிற்கச் சொன்னேன். அவனும் நின்றான். "உன் தாத்தாதானே பஸ் ஸ்டாண்டுகிட்ட செருப்புத் தைக்கிறவர்? உனக்கு இல்லாத சலுகையா?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். உதவி செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னேன். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம் நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகு, அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் அவன் கை தூக்கவே இல்லை.

அப்பத்தா ஆணி அடித்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. நான் அவனை வகுப்பு நடுவில் நிறுத்தியது அதே வேலைதான். தீண்டாமை ஒழிப்பைப் பாடமாக நடத்திய அதே அறையில் செய்தேன்.

தம்பி, நீ என் பதிவுகளைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். அன்று செய்ததை மறுபடி செய்ததாகிவிடும். நான் செய்தது தவறு. எல்லார் முன்னாலும் செய்ததால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. உன் தாத்தாவிடம் கற்ற தையல் இந்தப் பையில் இருக்கிறது, அதை மட்டும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

வாரின் கறுப்புத் தழும்பைப் போக்க வழி சொல்கிறேன் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். வேண்டாம், இருக்கட்டும். பை இப்போது கூடத்தில், வெயில் படாத சுவரில், மரக்கொக்கியில் தொங்குகிறது. பேத்தி வந்தால் கதை கேட்பாள். ஆணியிலிருந்து ஆரம்பிப்பேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தோல் பை, பெட்டி, பெல்ட் ஏதாவது இருந்தால், இந்த மழை விட்டதும் எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்