காஞ்சிப் பட்டும் கிளப் மேடையும்

சங்கீதம் என்றால் நம் அகங்களில் ஒரு வரையறை உண்டு. அரியக்குடி, எம்.எஸ்., சபா, டிசம்பர் சீசன். நைட் கிளப்பில் பாடினவர் என்றால் பேச்சை மாற்றிவிடுவோம். ஆகையால் ஸ்ரீமதி உஷா உதுப் நம்மாத்துப் பெண் என்பது அங்கத்தினர்களில் சிலருக்குப் புதிய செய்தியாகவே இருக்கலாம்.

சென்னையைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ் பிராமணக் குடும்பத்தில், 1947 நவம்பரில் பம்பாயில் பிறந்தவர். தகப்பனார் வைத்யநாத் சோமேஸ்வர் சாமி காவல்துறை அதிகாரி, தாயார் யோகம். வீட்டு ரேடியோவில் கர்நாடக சங்கீதமும் ஒலிக்கும், படே குலாம் அலிகானும் ஒலிப்பார், மேற்கத்திய இசையும் ஒலிக்கும். மூத்த சகோதரிகள் இந்திராவும் உமாவும் 'சாமி சிஸ்டர்ஸ்' என்று ஆங்கிலப் பாட்டில் பெயர் எடுத்தவர்கள். பம்பாய் நகரைப் பற்றிய 'பாம்பே மேரி ஹை' பாட்டைப் பாடிய உமா போச்சா இவர் அக்காதான்.

தங்கை உஷாவின் கதை வேறு. குரல் கனமானது என்று பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பிலிருந்து விலக்கப்பட்டவர். முறைப்படி சங்கீத சிட்சையும் கிடையாது. ஆனாலும் சிறுமியாக ரேடியோ சிலோனில் பாடும் சந்தர்ப்பத்தை அமீன் சயானி வாங்கித் தந்தார்.

1960களின் இறுதி. மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தின் கீழ்த்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற கிளப். அங்கே மேடையேறும் பெண்கள் கவுன் அணிவது வழக்கம். இருபது வயது தாண்டிய உஷா ஐயர் புடவையோடு போய் நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போக, உரிமையாளர் ஒரு வாரம் தங்கிப் பாடச் சொன்னார். அதன் பின் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் 'டிரிங்காஸ்'. காஞ்சிப் பட்டு, தலையில் மல்லிகை, நெற்றியில் பெரிய பொட்டு. எதிரே மேஜைகளில் மதுக் கோப்பைகள்! கிளப்புக்காக அவர் தம் கோலத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கிளப்தான் மாறியது, அவர் பாடும் இடத்துக்கு ஜனங்கள் குடும்பத்தோடு வரத் தொடங்கினார்கள். சபாவில் பாடுகிறவர்களுக்கு மரியாதை வாசலிலேயே காத்திருக்கும். இவர் அதை ஒவ்வொரு இரவும் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

டில்லி ஓட்டல் ஒன்றில் பாடியபோது தேவ் ஆனந்த் கேட்டார். 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' (1971) படத்தில் ஆஷா போன்ஸ்லேயுடன் பாட வாய்ப்பு வந்தது. கேரளக் கிறிஸ்தவரான ஜானி சாக்கோ உதுப்பை மணந்து உஷா உதுப் ஆனார். நம்மவர்களுக்கு இவரைத் தெரிந்தது பெரும்பாலும் 'மேல்நாட்டு மருமகள்' (1975) படம் மூலம். அதற்கு இசை குன்னக்குடி வைத்தியநாதன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வயலின் வித்வானுக்கு இருந்த தாராளம் நமக்கு இருந்ததா?

எதிர்ப்பு வந்தது கல்கத்தாவில். 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, இவர் பாடுவது 'அபசம்ஸ்கிருதி' என்று சொல்லி அரசாங்க அரங்கில் பாடத் தடை போட்டார். உஷா கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். பட்டுப்புடவையும் பொட்டுமாகப் பாடும் ஒருவரைக் கலாசாரச் சீர்கேடு என்றது வேடிக்கைதான்.

2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண். 2012இல் 'ஏழு கூன் மாஃப்' படத்தின் 'டார்லிங்' பாட்டுக்காக ரேகா பரத்வாஜுடன் சேர்ந்து ஃபிலிம்ஃபேர் விருது பெற்றபோது அவருக்கு வயது 64. அன்று மெட்ராஸ் கிளப்பில் ஒரு வாரத்துக்கென்று பாட வந்த தொண்டை.