மலரைத் தாங்கும் ஊசி

மலரின் அழகைப் பாடாத மொழி உலகில் இல்லை எனலாம். ஆனால் அம்மலரை உடையின்மேல் விழாமலும் சாயாமலும் நிறுத்தி வைக்கும் சிறு கருவியைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. திருமண வரவேற்புகளிலும் அலுவலக விழாக்களிலும் விருந்தினரின் மார்பில் ஒரு ரோஜா மலரைக் குத்தி வரவேற்கும் வழக்கம் இந்தியாவின் பல நகரங்களில் உண்டு. மலரை அனைவரும் காண்கின்றனர். அதன் பின்னே மறைந்திருக்கும் ஊசியை, அது விரலில் தைத்தாலன்றி, எவரும் நினைப்பதில்லை. அவ்வூசிக்கும் ஒரு வரலாறு உண்டு. கனவான்களுக்கே உரியதாயிருந்த ஓர் அணி எளியோர்க்கும் உரிய அடையாளமாக மாறிய வரலாறு அது.

தமிழர்க்கு மலர் அணிதல் புதிதன்று. தலையில் சூடுவதைக் கண்ணி என்றும், ஆடவர் மார்பில் அணிவதைத் தார் என்றும், மகளிர் அணிவதைக் கோதை என்றும் நம் முன்னோர் வழங்கினர். சேரர்க்குப் பனம்பூ, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு என அடையாளப் பூக்கள் இருந்தன. ஆநிரை கவர்வோர் வெட்சி சூடினர். மீட்போர் கரந்தை சூடினர். போரின் நிலைகளுக்கே பூக்களின் பெயரை இட்ட இலக்கண மரபு நம்முடையது. ஆயினும் இவையெல்லாம் நாராலும் நூலாலும் தொடுக்கப்பட்டவை. கூந்தலிலும் கழுத்திலும் மார்பிலும் தாமே தங்கியவை. தைத்த ஆடையின் ஓரிடத்தில் ஒற்றை மலரைப் பொருத்தும் வழக்கமோ, தைத்த மேலங்கி அணிந்த ஐரோப்பிய நாடுகளில் வளர்ந்து பின்னர் நம் நாட்டுக்கு வந்தது.

அந்நாடுகளில் ஆடவர் அணிந்த கோட்டு ஒரு காலத்தில் கழுத்து வரை பொத்தானிட்டு மூடப்பட்டது. பின்னர் அதன் மேற்பகுதியை வெளிப்புறமாக மடித்து விடும் பாணி தோன்றியது. மடித்த பகுதியில் இருந்த பொத்தான் துளை, அதாவது நம் தையற்காரர் காஜா என்று கூறும் துளை, வேலையற்றுப் போயிற்று. அவ்வாறு வேலையற்ற துளையில் பூங்காம்பைச் செருகும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் நாகரிகமாகப் பரவியது. விக்டோரியா அரசியார் தம் மணநாளில் அளித்த மலரை வைத்துக்கொள்ள ஆல்பர்ட் இளவரசர் தம் கோட்டில் கத்தியால் ஒரு துளையிட்டார் என்றும், அதுவே இவ்வழக்கத்தின் தொடக்கம் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதில் சான்றைவிடச் சுவையே மிகுதி.

ஆங்கிலேயர் கோட்டில் செருகும் மலரையே 'பட்டன்ஹோல்' என்று அழைத்தனர். பிரெஞ்சு மொழியில் அம்மலருக்கு வழங்கும் 'பூத்தோனியேர்' என்னும் சொல்லின் பொருளும் பொத்தான் துளை என்பதே. இடத்தின் பெயர் அவ்விடத்தில் தங்கும் பொருளுக்கு ஆகி வருவதை நாம் இடவாகுபெயர் என்போம். நம் இலக்கண ஆசிரியர்க்கு இதைவிடப் பொருத்தமான வேற்றுமொழி எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

துளை கிடைத்தமையால் மட்டும் இடர் தீர்ந்துவிடவில்லை. மலரின் தலை கனமானது, காம்பு மெல்லியது. நடக்கும்போது மலர் முன்னே சாய்ந்துவிடும். ஆதலின் தையற்காரர் மடிப்பின் பின்புறத்தில், துளைக்குச் சற்றுக் கீழே, நூலால் ஒரு சிறு வளையம் தைத்தனர். துளை வழியே பின்புறம் செல்லும் காம்பு அவ்வளையத்தில் தங்கும். மலர் நிமிர்ந்து நிற்கும். துணியில் ஊசி பட வேண்டுவதில்லை. நன்கு தைத்த கோட்டுகளில் இவ்வளையத்தை இன்றும் காணலாம். உள்ளே மறைந்திருப்பதால், கோட்டுக்கு உரியவரே அதனை அறியாதிருப்பதும் உண்டு.

அடுத்த இடர் வாடுதல். கொய்த மலரின் இதழ்கள் நீரை ஆவியாக இழந்துகொண்டே இருக்கும். காம்புக்கு நீர் கிடையாவிடில் சில மணி நேரத்தில் மலர் துவண்டுவிடும். இதற்காகக் கண்ணாடியாலும் உலோகத்தாலும் சிறு குழல்கள் செய்யப்பட்டன. குழலில் சில துளி நீரை விட்டுக் காம்பைச் செருகி, அதனை மடிப்பின் பின்னே மாட்டிக்கொள்வர். மாலை விருந்து முடியும் வரை மலர் புத்தம் புதிதாய் இருக்கும். பெண்டிர்க்கு வெள்ளியாலான சிறு கூம்புகள் இருந்தன. கூம்பினுள் பூங்கொத்தை வைத்து, சங்கிலியில் தொங்கும் ஓர் ஊசியைக் குறுக்கே செலுத்தினால், காம்புகள் நழுவாமல் நிற்கும்.

மலரை உடன் கொண்டு செல்வது அழகுக்காக மட்டும் எழுந்த வழக்கமன்று. 1750-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில், சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் வாயிலாகச் சிறைக் காய்ச்சல் பரவியது. நகரத் தலைவரும் நீதிபதிகள் இருவரும் உட்படப் பலர் மாண்டனர். நாற்றமே நோய்க்குக் காரணம் என்று அக்காலத்தார் நம்பினர். ஆதலின் நறுமண மலர்களையும் தழைகளையும் மன்றத்தில் வைக்கலாயினர். அந்நோயைப் பரப்புவது பேன் என்பதை 20-ஆம் நூற்றாண்டின் அறிவியலே காட்டிற்று. அந்நம்பிக்கை மறைந்த பின்னும், சில சடங்கு நாட்களில் அந்நீதிமன்றத்து நீதிபதிகள் பூங்கொத்து ஏந்தும் மரபு மறையவில்லை.

இதுவரை கூறிய துளை, வளையம், குழல், வெள்ளிக் கூம்பு ஆகிய யாவும் செல்வர்க்கு உரியவை. தைத்த கோட்டு இல்லாதவனுக்குத் துளையும் இல்லை. எந்த உடையிலும் எவர்க்கும் பயன்படத்தக்க கருவி ஊசி ஒன்றே. அதுவும் தொடக்கத்தில் மலிவாகக் கிடைத்ததன்று.

குண்டூசி செய்யும் தொழிலை உலகப் புகழ் பெறச் செய்தவர் ஆடம் ஸ்மித். 1776-இல் வெளிவந்த தம் பொருளியல் நூலில், கம்பியை இழுத்தல், நிமிர்த்துதல், வெட்டுதல், கூராக்குதல், தலை பொருத்துதல் எனச் சுமார் 18 தொழில்களாக ஊசித் தொழில் பிரிக்கப்பட்டிருப்பதை அவர் விளக்கினார். பத்துப் பேர் கூடி உழைத்தால் ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்வர். தனித்தனியே உழைத்தால் ஒருவர் இருபது ஊசிகளும் செய்ய மாட்டார் என்பது அவர் கணக்கு. அக்கணக்கு இன்றும் மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் ஊசிக்குத் தலை பொருத்தும் வேலையில் பிரிட்டனில் சிறுவரும் சிறுமியரும் நெடுநேரம் அமர்த்தப்பட்டிருந்தனர் என்பது அக்கணக்கோடு சேர்த்துக் கற்பிக்கப்படுவதில்லை. சீமாட்டி ஒருத்தியின் மார்பில் நின்ற மலருக்குப் பின்னே ஒரு குழந்தையின் விரல்கள் இருந்தன.

இத்தொழிலை இயந்திரத்தின் கையில் ஒப்படைத்தோருள் ஒருவர் ஜான் அயர்லாந்து ஹவ் என்னும் அமெரிக்க மருத்துவர். நியூயார்க் நகரத்து ஏழையர் விடுதியில் பணியாற்றியபோது, அங்குள்ளோர் கையால் ஊசி செய்வதை அவர் கண்டார். அதன் பயனாக 1832-இல் ஊசி செய்யும் இயந்திரம் ஒன்றுக்கு உரிமம் பெற்றார். பின்னர் அதனைத் திருத்தி அமைத்துத் தொழிற்சாலையும் நடத்தினார். ஊசி மலிவாயிற்று.

நாம் ஊக்கு என்று வழங்கும் கருவியைப் புதிதாக அமைத்தவர் அதே நாட்டைச் சேர்ந்த வால்ட்டர் ஹண்ட். 1849-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் அதற்கு உரிமம் வழங்கப்பட்டது. ஒரே கம்பியை நடுவில் சுருட்டினால் அச்சுருளே வில்லாக விசை தரும். கம்பியின் ஒரு முனை கூர். மறுமுனை அக்கூரை மூடும் கொண்டி. ஆடையில் வில்லுடைய ஊசி குத்தும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது, கி.மு. 13-ஆம் நூற்றாண்டளவிலேயே வெண்கலத்தில் அத்தகைய ஊசிகள் இருந்தன. அப்பழங்கருத்துக்கு ஹண்ட் எளிய, மலிவான வடிவம் தந்தார். 15 டாலர் கடனை அடைப்பதற்காகவே சில மணி நேரத்தில் இதனை உருவாக்கினார் என்றும், உரிமத்தை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்றும் கூறுவர். உலகெங்கும் வீடுதோறும் புகுந்த கருவி, அதனைச் செய்தவரைச் செல்வராக்கவில்லை.

ஊசி மலிந்தபின் மலரின் பொருளும் மாறிற்று. லண்டன் தெருக்களில் கனவான்களின் கோட்டுக்கு மலர் விற்றவர் ஏழைச் சிறுமியர். அவருள் பார்வையற்றோரும் உடல் ஊனமுற்றோரும் இருந்தனர். ஜான் குரூம் என்பவர் 1866-இல் அவர்களுக்கென ஓர் அறநிலையம் தொடங்கினார்; பின்னர் துணியால் மலர் செய்யும் தொழில் அங்குக் கற்பிக்கப்பட்டது. 1912-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், அலெக்சாண்டிரா அரசியார் டென்மார்க்கிலிருந்து பிரிட்டனுக்கு வந்த ஐம்பதாம் ஆண்டின் நினைவாக 'ரோஜா நாள்' கொண்டாடப்பட்டது. அந்நிலையத்துப் பெண்கள் செய்த துணி ரோஜாக்கள் தெருத்தெருவாக விற்கப்பட்டு, கிடைத்த பணம் மருத்துவமனைகளுக்கு அளிக்கப்பட்டது. காசு கொடுத்த எவரும் மார்பில் ஒரு ரோஜாவைக் குத்திக்கொள்ளலாம். கோட்டும் வேண்டா, துளையும் வேண்டா.

இம்முறையைப் பிறரும் பின்பற்றினர். முதல் உலகப் போரில் மாண்டோரை நினைந்து, கசகசாச் செடியின் இனமான சிவந்த பாப்பி மலரின் உருவத்தை 1921-ஆம் ஆண்டு நவம்பர் 11 முதல் பிரிட்டனில் விற்றனர். அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இலங்கையிலும் அது விற்கப்பட்டது. திரண்ட பணத்தின் பெரும்பகுதி பிரிட்டனுக்கே செல்வதையும், தம் நாட்டு முன்னாள் போர்வீரர் கைவிடப்படுவதையும் கண்டு அந்நாட்டினர் சிலர் மனம் வருந்தினர். 1931-இல் ஏலியன் பெரேரா என்பவர் பாப்பிக்கு எதிராக 'சூரிய மல்' விற்கும் முயற்சியைத் தொடங்கினார். சூரிய மல் என்பது வேறொன்றுமன்று. நம் கிராமத்து வேலிகளில் மஞ்சளாய்ப் பூக்கும் பூவரசம் பூவே. 1933-இல் இளைஞர் இயக்கத்தார் அதனை மீண்டும் ஏற்று நடத்தினர். டோரீன் விக்கிரமசிங்க என்னும் ஆங்கிலப் பெண்மணியும் அதில் முன்னின்றார். 1934, 1935 ஆண்டுகளில் மலேரியா இலங்கையைச் சூறையாடியபோது, அவ்வியக்கத்தார் ஊரூராகச் சென்று துயர் துடைத்தனர். எந்த மலரைக் குத்திக்கொள்கிறோம் என்பது, எவர் பக்கம் நிற்கிறோம் என்பதற்கு விடையாயிற்று. வெட்சியும் கரந்தையும் சூடிய முன்னோர் இதனை எளிதில் விளங்கிக் கொண்டிருப்பர்.

இந்தியாவில் உடை மலர் என்றவுடன் நினைவுக்கு வருபவர் பண்டித ஜவாஹர்லால் நேரு. அவர் அணிந்த அச்கன் கழுத்து வரை மூடியது. அதற்கு மடிப்பும் இல்லை, பின்புற வளையமும் இல்லை. முன்புறப் பொத்தான் துளை ஒன்றிலேயே அவருடைய சிவப்பு ரோஜா நின்றது. மேலை நாட்டு வழக்கம் நம் நாட்டு உடையில் இவ்வாறு வேரூன்றிற்று. அவர் பிறந்த நாளாகிய நவம்பர் 14-இல் நேருவாக வேடமிடும் பள்ளிச் சிறுவர்க்குத் தாய்மார் ரோஜாவை ஊக்கால் குத்தி அனுப்புகின்றனர். பிரதமரின் உடையில் துளையில் நின்ற மலர் குழந்தையின் சட்டையில் ஊக்கில் நிற்கிறது.

ரோஜா நாளின் முறையை ஒத்த வழக்கம் நம் அலுவலகங்களிலும் உண்டு. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் முப்படையினர் கொடி நாள் அனுசரிக்கப்படுகிறது. தில்லியிலோ நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ பணிபுரியும் நம்மவர், அன்று நன்கொடை அளித்துச் சிறு கொடியை மார்பில் குத்திக்கொள்கின்றனர். அதிகாரியின் மார்பிலும் கடைநிலை ஊழியரின் மார்பிலும் இருப்பது ஒரே கொடி; ஒரே வகை ஊசி.

இக்காலத்தில் ஊசிக்கும் போட்டி வந்துவிட்டது. பட்டுத் துணியில் துளை விழாதிருக்க, உடையின் உட்புறம் ஒன்றும் மலரின் பின்புறம் ஒன்றுமாக இரு காந்தத் துண்டுகளை வைத்து மலரைப் பொருத்துகின்றனர். இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டவர் இக்காந்தத்தைத் தவிர்த்தல் வேண்டும். அவர்க்குப் பழைய ஊசியே பாதுகாப்பு.

இனி யாரேனும் நம் மார்பில் ஒரு மலரைக் குத்த வரும்போது, அதன் பின்புறத்தையும் ஒரு கணம் திருப்பிப் பார்ப்போமாக. கையால் தலை பொருத்திய குழந்தைகளும், மலர் விற்ற சிறுமியரும், உரிமத்தை விற்றுக் கடன் அடைத்தவரும் அங்கே நிற்கின்றனர். மலர் மாலைக்குள் வாடிவிடும்; ஊசியோ அடுத்த மலருக்காகக் காத்திருக்கும்.