ஓடிய நாளும் வராத அலையும்

2012 ஏப்ரல் 11. புதுவருசத்துக்கு இன்னும் இரண்டு நாள். பலகாரச் சட்டி அடுப்பில் இருக்கவே "கடல் வருகுதாம்" என்று சனம் ஓடத் தொடங்கிவிட்டது. எங்களில் பலருக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. 2004இல் கைக்குழந்தைகள், எங்கள் காலால் ஓடியது இதுதான் முதல் தடவை. பொழுதுபடும்வரை கோயில் மண்டபத்தில் இருந்தோம். அலை வரவில்லை. பிறகு அது ஊரில் ஒரு பகிடிக் கதையாகிவிட்டது.

ஆனால் அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நடந்தது சின்ன விசயமில்லை. 8.6 அளவில் ஒரு நடுக்கம், இரண்டு மணித்தியாலத்தில் 8.2இல் இன்னொன்று. அப்ப ஏன் அலை இல்லை?

இந்து சமுத்திரத்தின் அடித்தகடு, சுண்டா அகழியில் வருசத்துக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வீதம் சுமாத்திராவுக்குக் கீழே நுழைகிறது. 2012இல் உடைந்தவை அகழிக்கு வெளியே, இனித்தான் நுழையவிருக்கும் தகட்டுக்குள் கிடந்த பிளவுகள். அவற்றின் இரு பக்கமும் உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. கடலடி பெரிதாக உயரவுமில்லை, தாழவுமில்லை. தண்ணீரைத் தூக்க ஆளில்லை.

2004 டிசம்பர் 26 அப்படியல்ல. இரண்டு தகடுகளும் ஒட்டிக் கிடந்த இடமே 1,200 கிலோமீற்றர் நீளத்துக்கு விட்டுக்கொடுத்தது. கீழே இழுபட்டு வளைந்திருந்த மேல்தகட்டின் விளிம்பு எழும்ப, கடலடி சில மீற்றர் உயர்ந்து, மேலே நின்ற தண்ணீரையும் தூக்கிவிட்டது. கரையில் நிற்கிற ஆளுக்கு எந்தப் பிளவு எந்தப் பக்கம் அசைந்தது என்று எப்படித் தெரியும்?

வரலாறு படிக்கிற எங்களை இதில் மிகவும் பிடித்துக்கொண்டது சிமலூ தீவு. சுமாத்திராவுக்கு மேற்கே இருக்கிறது. அதன் வடமேற்குக் கரை 2004இல் ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்து, முருகைக் கற்கள் வெளியே வந்து செத்துப்போயின. முருகை தாழ்நீர் மட்டத்தைத் தாண்டி வளராது. கடலடி மெல்லத் தாழும்போது மேல்நோக்கி வளரும். திடீரென உயர்ந்தால் தலைப்பகுதி செத்துவிடும். பழைய முருகைகளை வெட்டி வளையம் எண்ணிய ஆய்வாளர்கள், 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 15ஆம் நூற்றாண்டின் நடுவிலும் அந்தத் தீவின் வடகரை இப்படி உயர்ந்ததைக் கண்டார்கள். செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததாக நாங்கள் பாடமாக்கிய 1450ஐ ஒட்டித்தான் இரண்டாவது உயர்வு. எங்கள் பாடப்புத்தகத்தில் முருகைக்கு இடமில்லை!

சிமலூக்காரர் முருகையை வாசித்தவர்களல்லர். 1907இல் வந்த அலையை 'ஸ்மோங்' என்ற ஒற்றைச் சொல்லாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004இல் தரை நடுங்கியதும் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு மலைக்கு ஓடினார்கள். தீவில் ஏறத்தாழ 78,000 பேர். இறந்தவர்கள் 7 பேர்.