காற்றில் போன குரலும் காகிதத்தில் நின்ற எழுத்தும்: வானொலிக்காரர்களின் நினைவுநூலையும் சிறுகதையையும் ராகலையிலிருந்து வாசித்தல்

ராகலைக் கடைவீதியில் எங்கள் வாப்பாவுக்குச் சில்லறைக் கடை இருந்தது. கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு பலகை. அதில் வானொலிப் பெட்டி. சம்பள நாளில் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் சாமான் கட்டி முடிந்த பிறகும் போக மாட்டார்கள். நாடகமோ பாட்டோ முடிய வேண்டும். நோன்பு காலத்தில் மூட்டம் இறங்கிவிட்டால் பள்ளிவாசல் பாங்கு எல்லா வீட்டுக்கும் கேட்காது. முஸ்லிம் சேவையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஈத்தம்பழத்தைக் கையில் பிடித்தபடி பள்ளிவாசல் நேர அட்டையையும் பார்த்துக்கொண்டு இருப்போம்.

வாப்பாவின் பற்றுக் கொப்பிகளில் நாலைந்து இன்னும் வீட்டில் கிடக்கின்றன. எந்த லயத்தில் யார் எத்தனை கொத்து அரிசி வாங்கினார், எவ்வளவு பாக்கி வைத்தார் என்பதை அவற்றில் பார்க்கலாம். அதே ஆட்கள் அந்தப் பெட்டியில் என்ன கேட்டார்கள், கேட்டு எதற்குச் சிரித்தார்கள் என்பதை எதில் பார்ப்பது? வானொலிக்காரர்கள் எழுதிய நூல்களைத் தேடி வாசிக்க என்னை அனுப்பியது இந்தக் கேள்விதான்.

குரலுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை

கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது நேச நாடுகளின் படையினருக்காக அமைந்த வானொலி, போர் முடிந்து 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்து 'ரேடியோ சிலோன்' ஆயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு வந்தது. 1967இல் கூட்டுத்தாபனம் ஆகி, 1972இல் நாட்டின் பெயர் மாறியபோது அதன் பெயரும் மாறியது. இந்திய வானொலி 1952இல் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்ததும் இந்தியா முழுவதும் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. ஹிந்தி நேயர்களுக்கு அமீன் சயானியின் குரல் வீட்டுக் குரலானது அந்த நாட்களில்தான்.

அதே ஆண்டுகளில் மலையகத்தில் நடந்தது வேறு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்தது இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். அந்தப் பெயரையே கவனியுங்கள். சாத்தான்குளத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வந்து கடை வைத்தவரும் கொழுந்து பறிக்க வந்தவரும் ஒரே விண்ணப்ப வரிசையில் நின்றார்கள். 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த டிசம்பரில் புயல் தனுஷ்கோடியையும் கொண்டுபோனது. ஆட்கள் கடல் தாண்டக் கடதாசி வேண்டும். குரல் மட்டும் கடதாசி இல்லாமல் இரண்டு கரைக்கும் போய்வந்தது.

இரண்டு நினைவுநூல்கள்

அப்படிப் போய்வந்த குரல்களில் இரண்டு நமக்கு நூலும் தந்திருக்கின்றன. ஒன்று சாத்தான்குளம் அப்துல் ஜப்பாருடையது. இளம் வயதில் இலங்கையில் இருந்து, 'சானா' சண்முகநாதன் நடத்திய வானொலி நாடகங்களில் குரல் கொடுத்துப் பழகியவர். பிறகு தமிழ்நாட்டில் கிரிக்கெட் நேர்முக வர்ணனை என்றால் கூத்தபிரான், ராமமூர்த்தி ஆகியோருடன் அவர் பெயரும் சேர்ந்தே வரும். 2020 டிசம்பரில் வபாத்தானார். 'காற்று வெளியினிலே' அவருடைய நினைவுநூல். வன்னிக்குப் போய்வந்த அனுபவத்தைத் தனியே 'அழைத்தார் பிரபாகரன்' என்று எழுதினார். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர் வீடுகளில் அந்தத் தலைப்பை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் வாசிக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஒரு முஸ்லிம் ஒலிபரப்பாளரின் குரல் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கும், குரலை நேசித்தவர்களின் அரசியல் நம்மை எங்கே நிறுத்தியது என்பதற்கும் அது ஒருசேரச் சாட்சி.

மற்றது பி.எச். அப்துல் ஹமீதின் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்'. தெமட்டகொடையில் வளர்ந்த பிள்ளை. 'பாட்டுக்குப் பாட்டு' வானொலியில் இருந்து தொலைக்காட்சிக்குப் போனபோது அவரும் கூடவே கடல் தாண்டினார். இன்று தமிழ்நாட்டில் அவர் எந்த ஊர் என்று கேட்டால் பலருக்கும் 'இலங்கை வானொலி' என்பதே ஊர்ப்பெயர்.

இப்படியான நூல்களை வாசிக்கும்போது பக்க ஓரத்தில் நான் மூன்று குறிப்பு எழுதிவைப்பேன். யாருடைய பெயர் வருகிறது? எந்த இடத்தில் எழுத்தாளர் வேகமாகக் கடந்து போகிறார்? நேயர் எங்கே வருகிறார்? முதல் கேள்விக்கு நினைவுநூல் வாரி வழங்கும். பயிற்சி தந்தவர், கூட நடித்தவர், மெட்டுப் போட்டவர் என்று அரசாங்க ஆவணத்தில் கிடைக்காத ஆட்கள் அங்கே கிடைப்பார்கள். இரண்டாவதில் கவனம் வேண்டும். ஒலிவாங்கிக்கு முன்னால் ஆயுள் முழுக்க நாகரிகமாகப் பேசியவர் பேனா எடுத்தாலும் அந்த நாகரிகம் போகாது. மனவருத்தம் ஒரு வரியில் முடிந்துவிடும். மூன்றாவதில்தான் நமக்கு ஏமாற்றம். பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுதுவதால், பெட்டிக்கு இந்தப் பக்கம், ராகலையில் மூட்டத்துக்குள் நின்று கேட்டவன் 'நேயர்கள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போகிறான்.

மரிக்காரும் ஐயரும்

ஒரு சங்கதியை நம் வாசகர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' வானொலி நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. அதில் முஸ்லிம் பேச்சு பேசும் மரிக்கார் ராமதாஸேதான். ஐயராகப் பேசியவர் அப்துல் ஹமீத். யாழ்ப்பாணப் பேச்சுக்கு அப்புக்குட்டி ராஜகோபால், சிங்களம் கலந்த தமிழுக்கு உபாலி செல்வசேகரன். அந்தப் பட்டப்பெயர்கள் கடைசிவரை அவர்களோடு ஒட்டிக்கொண்டன.

எங்கள் கடையில் மரிக்கார் வாயைத் திறந்தாலே சிரிப்பு. வாப்பாவும் சிரிப்பார். ஒருமுறை சிரித்து முடித்துவிட்டு, "நாம பேசுறது இவ்வளவு சிரிப்பாவா இருக்கு?" என்று உம்மாவிடம் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. ஒரு முஸ்லிம் ஐயராகவும் ஓர் இந்து மரிக்காராகவும் பேசி, நாடு முழுதும் அதை ரசித்தது சின்ன விஷயம் இல்லை. பின்னால் வந்த ஆண்டுகளை நினைத்தால் அது பெரிய பாக்கியமாகவே தோன்றுகிறது. ஆனால் நமது பேச்சு வானொலிக்குள் பெரும்பாலும் நகைச்சுவை என்ற வாசல் வழியாகத்தான் நுழைந்தது என்பதும் உண்மை. நமது துக்கம் அதே பேச்சில் எங்கே பதிவாயிற்று?

நாடகக்காரர் எழுதிய சிறுகதை

இதற்கு விடை தேடினால் மலையகச் சிறுகதைக்கு வர வேண்டும். 'ஒரு கூடைக் கொழுந்து' எழுதிய என்.எஸ்.எம். ராமையா முதலில் வானொலி நாடகம் எழுதியவர். தினகரன் ஆசிரியராக இருந்த கைலாசபதியின் தூண்டுதலில் சிறுகதைக்கு வந்தார். அந்தக் கதை 1961இல் தினகரனில் வெளியானது. தொகுதி 1980இல் வந்தது.

ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையை மற்றவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அதைச் சுற்றித்தான் கதை. தராசில் நின்ற நிறை, பேரேட்டில் விழுந்த எண், அவள் வார்த்தை: எது செல்லும்? கடைக்காரர் மகனான எனக்கு இது நன்றாகப் புரியும். பற்றுக் கொப்பியில் எழுதியதுதான் கணக்கு. வாங்கியவர் சொல்வது கணக்காகாது. ராமையா கொப்பியில் ஏறாத பக்கத்தை எழுதினார். அதையும் தோட்டத்துப் பேச்சிலேயே, சிரிப்புக்கு வைக்காமல் எழுதினார். வானொலி நாடகத்தில் பாத்திரத்துக்கு முகம் கிடையாது. பேச்சு ஒன்றை வைத்தே ஆளை நிறுத்த வேண்டும். அந்தப் பழக்கம் அவருக்குக் கதையிலும் கைகொடுத்தது என்றே நினைக்கிறேன்.

இதனால் நினைவுநூலையும் சிறுகதையையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்கிறேன். நினைவுநூலில் ஆட்களின் பெயர் கிடைக்கும். சிறுகதையில் பெயரில்லாதவர்களின் பேச்சு கிடைக்கும். இரண்டும் இல்லாமல் வரலாறு எழுதினால் சட்டங்களும் ஒப்பந்தத் தொகைகளுமே மிஞ்சும்.

மலையக முஸ்லிம் பக்கத்தில் வெறுமை அதிகம். மாத்தளை மண்ணின் அல் அஸூமத் 'மலைக்குயில்' கவிதைகளும், 'வெள்ளை மரம்' சிறுகதைகளும், 'அறுவடைக் கனவுகள்' நாவலும் தந்தார். அவரைப்போல் இன்னும் சிலர் உண்டு. ஆனால் ராகலை, கந்தப்பளை, உடப்புசல்லாவைக் கடைவீதிகளில் ஒரு நூற்றாண்டாக அளந்தும் நிறுத்தும் கொடுத்த நம்மவரின் கதை, அந்தப் பேச்சிலேயே, நம் அலுமாரிகளில் எத்தனை இருக்கிறது?

இப்போது செய்ய வேண்டியது

போன வருடம், எங்கள் கடைக்குச் சிறு வயதிலிருந்து வந்த ஒரு தோட்டத்துப் பெரியவரிடம் அந்த வானொலிப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். "அது பேச்சுப் பொட்டி மட்டுமா தம்பி? இந்தியாவுக்குப் போன எங்க அக்காவும் கூடலூர்ல அதே பாட்டத்தான் அதே நேரம் கேட்டுச்சி. கடுதாசி போட்டா ஒரு மாசம் ஆகும். பாட்டு வந்துச்சின்னா அவளும் கேக்குறான்னு நெனச்சுக்குவோம்" என்றார். நான் வாசித்த நினைவுநூல் எதிலும் 'நேயர்கள்' என்ற சொல்லுக்கு இத்தனை கனம் இருந்ததில்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபது தாண்டியவர் இருந்தால் இந்த நோன்புக்கு முன்னரே கைபேசியை அவர் பக்கத்தில் வைத்து ஒரு மணிநேரம் பேசவிடுங்கள். எந்த நிகழ்ச்சி, யார் வீட்டுப் பெட்டி, கூட இருந்து கேட்டவர்கள் யார், முதலில் அழுதது எந்த நாடகத்துக்கு என்று கேளுங்கள். பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். பழைய கொப்பி, நேயர் கடிதம், ஒலிநாடா இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

வாப்பாவின் கொப்பியில் அந்தப் பெரியவர் பெயரும் இருக்கிறது. நான் பார்த்தேன். அவர் பேரில் பாக்கி இல்லை. நம் பேரில்தான் இருக்கிறது.