கைவழிக் கல்வி: சாந்திநிகேதனத்துக் கலாபவனம் காட்டும் நெறி

ஒரு பாடசாலையின் நேரசூசியிலே சித்திரத்திற்கும் கைப்பணிக்கும் அளிக்கப்பட்டுள்ள இடத்தை நோக்கின், அப்பாடசாலை கல்வியென்று எதனைக் கருதுகின்றது என்பது ஒருவாறு புலனாகும். பரீட்சை நெருங்குங்கால் ஏனைய பாடங்களுக்கு முதன்முதலாக விட்டுக்கொடுக்கப்படுவது பெரும்பாலும் அந்நேரமே. சித்திரம் பொழுதுபோக்கு, கைப்பணி படிப்பிற் பின்தங்கியோர்க்கு உரியது என்னும் எண்ணம் நம்மிடை ஆழ வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஆராய்வதற்கு, வங்கநாட்டுச் சாந்திநிகேதனத்தில் 1919 ஆம் ஆண்டு தோன்றிய கலாபவனத்தின் வரலாறு சிறந்ததோர் உரைகல்லாகும்.

அதற்கு முன்னிருந்த நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்திற் சென்னையில் 1850 இலும், கல்கத்தாவில் 1854 இலும், பம்பாயில் 1857 இலும் கலைப் பாடசாலைகள் தோன்றின. அவற்றுட் சென்னைப் பாடசாலையை நிறுவியவர் அலெக்சாந்தர் ஹன்டர் என்னும் வைத்தியர் ஆவர். இப்பாடசாலைகளிற் காலப்போக்கில் ஓங்கி நின்ற முறை, இலண்டன் மாநகரின் தென் கென்சிங்டனில் வகுக்கப்பட்ட முறையாகும். அச்சிட்ட மாதிரிகளையும், சாந்தினால் வார்த்த ஐரோப்பியச் சிலைகளின் படிகளையும் மாணவன் முன்வைத்து, அவற்றைப் பிழையறப் பார்த்து வரையச் செய்தலே அம்முறை. அதனாற் கை திருத்தம் பெற்றது. கண்ணும் கூர்மை பெற்றது. ஆயின், மாணவன் வாழ்ந்த வீட்டிற்கும் ஊருக்கும் அவன் வரைந்தவற்றிற்கும் யாதொரு தொடர்பும் ஏற்படவில்லை. 1896 இற் கல்கத்தாப் பாடசாலையின் தலைமையை ஏற்ற ஹவெல் என்னும் ஆங்கிலேயரே இக்குறையை உணர்ந்து, இந்தியக் கலைமரபின்பால் மாணவரைத் திருப்பினார். அவருக்குத் துணைநின்ற அவனீந்திரநாத தாகூரிடம் பயின்றவர் நந்தலால் போஸ் (1882–1966).

இரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனத்திற் சிறுவர் பாடசாலையை 1901 இல் தொடங்கினார். 1916 இல் யப்பான் சென்ற அவர், அந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்விலே கலை இரண்டறக் கலந்திருத்தலைக் கண்டு வியந்தார். கலையைக் கற்கும் இடம் வாழும் இடத்தினின்று வேறாதல் கூடாது என்ற கருத்து அவருள்ளத்தில் வலுப்பெற்றது. அதன் விளைவே கலாபவனம். அதனைக் கட்டியெழுப்பும் பொறுப்பை நந்தலால் ஏற்று, 1951 இல் ஓய்வுபெறும் வரை அதன் உயிராக விளங்கினார்.

நந்தலாலின் போதனாமுறையில் மூன்று கூறுகளைக் காணலாம். முதலாவது, இயற்கையை நேரிற் காணல். மாணவர் வயல்வெளிகளிலும் சந்தாலரின் குடியிருப்புகளிலும் உலவி, மரத்தையும் மாட்டையும் மனிதரின் தொழிலையும் கூர்ந்து நோக்கி வரைந்தனர். இரண்டாவது, கைவினைஞரையும் ஆசிரியராகக் கொள்ளல். ஜயப்பூரிலிருந்து நரசிங்கலால் என்னும் கைவினைஞர் வந்து, ஈரச்சாந்தின்மீது தீட்டும் சுவரோவிய முறையைக் கற்பித்தார். நமது கோலத்தை ஒத்ததும், வங்கப் பெண்கள் அரிசிமாக் கரைசலால் இடுவதுமாகிய ஆல்பனா, சுகுமாரி தேவி என்னும் அம்மையார் வாயிலாகப் பாடமாயிற்று. பட்டம் பெறாத ஒரு பெண்மணியின் வீட்டுக் கலையை ஓவிய வல்லுநர்கள் அமர்ந்து கற்றமை, அக்காலத்திற் சிறிய செய்தியன்று. 1927 இல் தாகூருடன் யாவாவுக்குச் சென்ற சுரேந்திரநாத கரின் முயற்சியாற் பத்திக் வேலையும் அங்கு இடம்பெற்றது. மூன்றாவது, மாணவன் செய்யும் வேலை யாருக்கேனும் பயன்படல்.

இம்மூன்றாவது கூறே ஏனை இரண்டிற்கும் பொருள் தருவது. 1935 இல் தாகூர் வாழ்வதற்கென எழுந்த சியாமளி என்னும் மண்வீட்டின் சுவர்ப்புறத்தை நந்தலாலும், இராம்கிங்கரும், மாணவரும் புடைப்புருவங்களால் அணிசெய்தனர். மண்ணாற் கட்டித் தார் பூசப்பெற்ற கருவீடு எனும் மாணவர் விடுதியின் சுவர்கள், பாரூத்து முதலிய பண்டைச் சிற்பங்களைத் தழுவிய உருவங்களைத் தாங்கின. அவ்வுருவங்களை வனைந்தவரும் மாணவரே. அவற்றிடையே வாழ்ந்தவரும் மாணவரே. கலைவரலாற்றை ஏட்டிற் படித்தவன் மறத்தல் கூடும். சேற்றைப் பிசைந்து சுவரில் வனைந்தவன் எளிதில் மறவான். 1930 இல் தாகூர் இளஞ்சிறார்க்கென வெளியிட்ட ‘சகஜ பாட்’ என்னும் அரிச்சுவடிக்கு நந்தலால் லினோலியத்திற் செதுக்கிய படங்கள் அணியாயின. 1938 இல் ஹரிபுராவிற் கூடிய காங்கிரஸ் மகாநாட்டிற்கு, காந்தியடிகளின் வேண்டுகோட்படி, கிராம மக்களின் தொழில்களைச் சித்திரிக்கும் 80க்கு மேற்பட்ட பலகைகளை அவர் தம் கையாலேயே தீட்டினார். துணைநின்றோர் அவற்றைப் படியெடுக்க, பந்தல் முழுவதும் ஓவியமாயிற்று. பின்னர், 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதியை அணிசெய்தவரும் அவரும் அவர்தம் மாணவருமே.

கைவழிக் கல்விக்கு வயது வரம்பில்லை என்பதற்கும் சாந்திநிகேதனமே சான்று. அரிச்சுவடி கற்கும் சிறுவர் முதல், 1922 இல் அமைந்த ஸ்ரீநிகேதனத்திற் கைத்தொழில் பயின்ற கிராமத்தவர் வரை அனைவரும் அதன் மாணவராயினர். தாகூரே அறுபது வயதைக் கடந்த பின்னர், கையெழுத்துப் பிரதிகளில் அடித்த சொற்களை உருவங்களாக்கத் தொடங்கி, ஓவியராய் மலர்ந்தார். 1930 இற் பரிஸ் நகரில் அவர்தம் ஓவியக் காட்சி நிகழ்ந்தது. அவர் விட்டுச்சென்ற ஓவியங்கள் 2,000க்கு மேற்பட்டன. பார்வைக் குறையுடன் மாணவராய்ச் சேர்ந்த வினோதவிகாரி முகர்ஜி, 1946–47 இல் அங்குள்ள இந்திபவனத்துச் சுவர்களில் இடைக்காலத்து அடியார் வரலாறுகளைத் தீட்டினார். 1950களின் பிற்பகுதியிற் பார்வையை முற்றாக இழந்த பின்னரும் அவர் கற்பித்தலைக் கைவிடவில்லை. காகிதத்தை வெட்டியும் ஒட்டியும் உருவம் படைத்தார். 1972 இல் ஓடுகளாலான பெருஞ்சுவரோவியம் ஒன்றையும் ஆக்குவித்தார். கண் ஒளியிழந்த பின்னும் கை அறிந்தது அழியவில்லை.

இம்முறைக்குக் குறைகளும் இல்லாமலில்லை. பேராசிரியர் ஒருவரின் நிழலில் வளர்ந்தோருட் சிலர் அவர்தம் சாயலையே பின்பற்றினர் என்பது நடுநிலையாளர் கூறும் குறை. பிரதிசெய்தலை ஒழிக்க எழுந்த பாடசாலையே மற்றொரு பிரதியை விளைவித்தது எனின், அஃது எண்ணிப் பார்க்கத்தக்கதே. ஆயினும் அதே பாடசாலையிலேதான், சீமெந்தையும் செம்பூரான் சரளையையும் கொண்டு ‘சந்தால் குடும்பம்’ என்னும் சிற்பத்தை 1938 இல் வெட்டவெளியில் நிறுவிய இராம்கிங்கர் பைஜ், ஆசிரியர் வழியினின்றும் முற்றும் வேறான தம் வழியைக் கண்டார். விலையுயர்ந்த கல்லும் வெண்கலமும் இல்லாமை அவருக்குத் தடையாகவில்லை. அவ்வேறுபாட்டிற்கு இடமளித்த பெருந்தன்மையே பாடசாலையின் உண்மையான வெற்றி எனலாம்.

கலாபவனம் தோன்றிய அதே 1919 இல், ஜேர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் பௌஹவுஸ் என்னும் பாடசாலையை நிறுவினார். கலைஞனையும் கைவினைஞனையும் பிரித்த சுவரைத் தகர்த்தல் அதன் நோக்கமாயிருந்தது. அப்பாடசாலையைச் சார்ந்தோரின் ஓவியங்கள் 1922 இற் கல்கத்தாவிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. சாந்திநிகேதனத்திற் கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதற்குத் துணைநின்றார். பௌஹவுஸ் யந்திர யுகத்தை நோக்கியது. கலாபவனமோ கிராமத்தை நோக்கியது. எனினும், செய்து கற்றலே கற்றல் என்பதில் இரண்டும் ஒன்றுபட்டன.

தாகூர் 1934 இல் இலங்கைக்கு வந்து, ஹொரணையில் ஸ்ரீபாலி என்னும் கல்விநிலையத்திற்கு அடிக்கல் நாட்டியதனால், இந்நெறி நமது தீவுக்கும் புதியதன்று. நம் மாணவர்க்கு வேண்டிய பொருள்களும் தொலைவில் இல்லை. பனையோலையும், களிமண்ணும், கோலமாவும், தேர்ச்சிற்பமும் நம் ஊர்களிலேயே உள்ளன. அவற்றில் வல்ல கைகளும் உள்ளன. அக்கைகளைப் பாடசாலைக்குள் ஆசிரியராக அழைத்தலும், மாணவன் செய்வதைப் பெட்டியிற் பூட்டாது பாடசாலையின் சுவரிலும் விழாமேடையிலும் பயன்கொள்ளலும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. புள்ளிக்காக வரைந்த படம் புள்ளி வந்ததும் மறக்கப்படும். பலரும் வாழும் இடத்திற்கென ஆக்கிய பொருள், ஆக்கியவனையும் உடனாக்கும். நேரசூசியில் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்குமுன், அதனோடு எதனை விட்டுக்கொடுக்கின்றோம் என்பதை நாம் சிந்தித்தல் நலம்.