கொட்கம்

கொட்கம் என்பது சீமைப் பனிச்சைப் பழத்தைத் தோல் சீவி, காற்றில் உலர்த்திச் செய்யப்படும் கொரிய உலர்பழம் ஆகும். சியோலால் எனப்படும் சந்திரப் புத்தாண்டிலும், சூசொக் எனப்படும் அறுவடைத் திருநாளிலும் உறவினருக்கும் பெரியோருக்கும் இது பரிசாக வழங்கப்படுகிறது. கொரிய மொழியில் "கம்" என்பது பழத்தின் பெயர். "கொட்" என்பது குச்சியில் குத்திக் கோப்பதைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து வந்தது எனக் கருதப்படுகிறது. சீமைப் பனிச்சை, கருங்காலி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது.

செய்முறை

கொட்கம் செய்யத் துவர்ப்பு வகைப் பழங்களே பயன்படுகின்றன. சாங்ஜு நகரில் டுங்சி என்னும் வகை பெயர்பெற்றது. அக்டோபர் பிற்பகுதியில், பழம் நிறம் மாறியும் கெட்டியாக இருக்கும்போதே பறிக்கப்படுகிறது. காம்பின் ஒரு துண்டை விட்டுத் தோல் சீவப்படுகிறது. முன்னர் காம்பில் நூல் கட்டித் தொங்கவிட்டனர். தற்போது நெகிழிக் கொக்கிகள் பயன்படுகின்றன. மழை படாத, நல்ல காற்றோட்டமுள்ள கொட்டகைகளில் பழங்கள் வரிசையாகத் தொங்கும்.

புதிய பழத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர் உள்ளது. இது பாதியளவாகக் குறையும்போது உள்ளே கூழ்போன்ற அரை உலர் கொட்கம் கிடைக்கிறது. மேலும் உலர்த்தினால் நீண்ட நாள் கெடாத முழு உலர் கொட்கம் கிடைக்கிறது. இதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகலாம். சப்பானில் ஓசிகாக்கி எனப்படும் இதே வகை உலர்பழத்தை, தொங்கும்போதே கையால் மெதுவாகப் பிசைந்துவிடுவர்.

துவர்ப்பு நீங்குதல்

பழத்தின் துவர்ப்புக்குக் காரணம் நீரில் கரையும் தானின்கள். சீவிய மேற்பரப்பு உலர்ந்து மெல்லிய படலமாகி, உள்ளே உயிர்வளி புகுவதைத் தடுக்கிறது. அப்போது பழத்தினுள் அசெட்டால்டிகைடு உருவாகித் தானின்களுடன் இணைகிறது. தானின்கள் அழிவதில்லை, கரையாத நிலைக்கு மாறுவதால் நாவில் உணரப்படுவதில்லை.

பழத்தின் மேல் படியும் வெண்பொடி பூஞ்சை அன்று. அது உள்ளிருந்து வெளிவந்து படிகமாகிய சர்க்கரை. பெரும்பகுதி குளுக்கோசு ஆகும். கந்தகப் புகையூட்டிய பழம் செம்மஞ்சள் நிறத்துடன் இருக்கும். புகையூட்டாதது கரும்பழுப்பாக மாறும்.

வரலாறும் பண்பாடும்

சாங்ஜுவிலிருந்து அரசவைக்குக் கொட்கம் திறையாகச் செலுத்தப்பட்டதை சோசொன் அரச ஆவணங்களின் 1468 ஆம் ஆண்டுக் குறிப்பு காட்டுகிறது. அரிசி, பட்டுக்கூடு, கொட்கம் ஆகியன சாங்ஜுவின் "மூன்று வெண்மைகள்" எனப்படுகின்றன. மூதாதையர் வழிபாட்டுப் படையலில் இலந்தை, செசுநட்டு, பேரிக்காய் ஆகியவற்றுடன் சீமைப் பனிச்சையும் இடம்பெறுகிறது. குளிர்காலத்தில் அதன் இடத்தில் கொட்கம் வைக்கப்படும். இலவங்கப்பட்டையும் இஞ்சியும் சேர்த்துக் காய்ச்சும் சுசொங்குவா என்னும் பானத்திலும் இது இடப்படுகிறது.

புலி வருகிறது என்றும் அழுகையை நிறுத்தாத குழந்தை, கொட்கம் என்றதும் அழுகையை நிறுத்தியது. வெளியே கேட்டிருந்த புலி, தன்னினும் கொடிய விலங்கு ஒன்று உள்ளே இருப்பதாக எண்ணி அஞ்சியது என்பது கொரியாவின் புகழ்பெற்ற நாட்டார் கதை.

பரிசும் சட்டமும்

கொட்கம் மரபாக 100 பழங்கள் கொண்ட "சொப்" என்னும் அளவில் எண்ணப்படுகிறது. பரிசுக்கு ஒரே அளவான பழங்கள் தெரிந்தெடுக்கப்பட்டுப் பெட்டிகளில் அடுக்கப்படுகின்றன. தென்கொரியாவில் 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம், அரசு அலுவலர், ஆசிரியர், இதழாளர் ஆகியோர் பெறும் பரிசின் மதிப்பை 50,000 வொன்னாக வரையறுத்தது. விலை உயர்ந்த பெட்டிகளை விற்கும் உழவர்கள் இதனால் பாதிக்கப்படுவர் என்ற எதிர்ப்பு எழுந்தது. வேளாண் பொருட்களுக்கான வரம்பு 2018 இல் 100,000 வொன்னாகவும், 2023 இல் 150,000 வொன்னாகவும் உயர்த்தப்பட்டது. திருநாட் காலங்களில் இது இருமடங்காகும்.

இடர்கள்

உலர்த்தும் பருவத்தில் குளிரும் வறண்ட காற்றும் தேவை. 2015 நவம்பரில் வெப்பமும் தொடர் மழையும் நிலவியதால், தொங்கிய பழங்கள் பூஞ்சை பிடித்தும் அறுந்து விழுந்தும் உழவர்களுக்குப் பேரிழப்பு நேர்ந்தது. ஓராண்டு விளைச்சல் முழுவதும் ஒரே பருவத்தில் தொங்குவதால், சில வார மழையே அவ்வாண்டு வருவாயைக் கெடுத்துவிடும். இதனால் காற்றுலர்த்தும் கருவிகளைப் பயன்படுத்துவோரும் உள்ளனர்.

சீமைப் பனிச்சையை மிகுதியாக உண்டால், தானின்கள் இரைப்பையில் திரண்டு கற்போன்ற கட்டிகளை உண்டாக்கக்கூடும்.